காட்டுப்பாதையில் வாகனத்தின் உடலைக் காத்தல்: சிங்கப்பூரிலிருந்து புறப்படும் புதியவர்களுக்கான வழிகாட்டி

சிங்கப்பூரில் ஃபோர் வீல் டிரைவ் வாகனம் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது ஒன்றுதான் வாகனம். திங்கள் முதல் வெள்ளி வரை பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் குறுகலான சரிவில் ஏறி இறங்குவதும், வார இறுதியில் உட்லண்ட்ஸையோ துவாஸையோ கடந்து ஜொகூர், பாகாங் மண்பாதைகளில் ஏறுவதும் அந்த ஒரே வாகனம்தான். காட்டுக்கென்று பழைய வண்டி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளும் வசதி, வாகன உரிமைச் சான்றிதழின் விலையைப் பார்க்கும்போது, இங்கே மிகச் சிலருக்கே உண்டு. ஆகவே ஒரு பயணத்தில் ஏற்படும் கீறலையும் ஒடுக்கையும் "காட்டு வண்டிதானே" என்று விட்டுவிட முடியாது. பத்தாண்டுச் சான்றிதழ் முடியும் வரை, புதுப்பித்தால் அதற்குப் பிறகும், அந்த உடற்பகுதி துருப்பிடிக்காமல் நிற்க வேண்டும்.

முதன்முறையாகப் பணம் செலவழிப்பவர்கள் பெரும்பாலும் வாகனத்தின் முகப்பிலிருந்து தொடங்குகிறார்கள். முன்னால் ஒரு கனத்த இரும்புப் பம்பர், அதன்மேல் விளக்குகள், கூரையில் ஒரு தட்டு. மலேசியத் தீபகற்பத்தின் பாதைகளில் சேதம் நேரும் இடம் அதுவல்ல என்பதுதான் இந்தக் கட்டுரையின் அடிப்படைக் கருத்து. பக்கவாட்டிலும், கதவுக்குக் கீழுள்ள விளிம்பிலும், கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதியிலும்தான் உண்மையான சேதம் நேர்கிறது. அது முழுமையாக வெளிப்படுவதோ, சேற்றைக் கழுவாமல் விட்ட சில மாதங்களுக்குப் பிறகுதான். ஆகவே கீழிருந்து மேலாகவும், உலோகத்திலிருந்து பெயிண்ட்டுக்குமாக இந்த வழிகாட்டி செல்லும்.

சேதம் எப்படி நேர்கிறது

ஜொகூரின் செம்பனைத் தோட்டங்களையும் அவற்றை ஒட்டிய இரண்டாம் நிலைக் காடுகளையும் எடுத்துக்கொள்வோம். பாதையின் இருபுறமும் அடர்ந்து வளரும் ரெசாம் என்னும் பெரணியின் தண்டு மெல்லியதாயினும் கம்பிபோல் விறைப்பானது. அது வாகனத்தின் பக்கவாட்டில் உரசிக்கொண்டே போகும்போது, முன் மட்கார்டிலிருந்து பின் விளக்கு வரை நீண்ட மெல்லிய கோடுகளை விட்டுச் செல்லும். பிரம்புக்கொடியின் நுனியில் கொக்கிபோல் வளைந்த முட்கள் உள்ளன. அவை கூரைத் தட்டிலும் கதவு ரப்பரிலும் பக்கக் கண்ணாடியிலும் மாட்டிக்கொண்டு இழுபடும். செம்பனை மட்டையின் அடிப்பகுதியிலுள்ள கூரிய முட்கள் டயரின் பக்கச்சுவரைத் துளைக்க வல்லவை. வெட்டிய மட்டைகளை வரிசைகளுக்கிடையில் அடுக்கி வைப்பது தோட்டங்களின் வழக்கம் என்பதால், திரும்புவதற்கு இடம் தேடி அந்த அடுக்கின் மேல் ஏறுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் செயல்.

செடிகொடிகளைவிடப் பெரிய சேதத்தைத் தருவது செம்மண்தான். காய்ந்திருக்கும்போது கல்போல் இறுகி நிற்கும் இந்த மண், ஒரு மணி நேர மழையில் சோப்புபோல் வழுக்கத் தொடங்கிவிடும். லாரிகள் ஓடி ஆழமாகிய தடப்பள்ளத்தில் வாகனத்தின் ஒரு பக்கச் சக்கரங்கள் மட்டும் இறங்கும்போது, வாகனம் சாய்ந்து, கதவும் பின் மட்கார்டும் பாதையோர மண்சுவரின் மீது அழுந்திக்கொள்ளும். மண்சுவருக்குள் வேரோ வெட்டுமர அடிக்கட்டையோ இருந்தால் தகடு ஒடுங்கும். இவை எல்லாம் மணிக்கு ஐந்து, பத்து கிலோமீட்டர் வேகத்தில் நேர்பவை. அந்த வேகத்தில் முன்பக்க இரும்புப் பம்பருக்கு வேலையே வருவதில்லை.

தொழிற்சாலையில் பூசப்பட்ட பெயிண்ட் அடுக்குகள் அனைத்தும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரைதான் இருக்கும், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்றுக் கூடுதல். அதில் மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் கோட் ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான் வரை. கிளை உரசும்போது ஏற்படும் கோடுகளில் பெரும்பகுதி இந்தக் கிளியர் கோட்டுக்குள்ளேயே நின்றுவிடும். அவற்றை பாலிஷ் செய்து நீக்கலாம். ஆனால் ஒவ்வொரு பாலிஷும் அந்த அடுக்கிலிருந்து சில மைக்ரான்களைத் தேய்த்து எடுத்துவிடுகிறது என்பதால், ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் பாலிஷ் செய்வது பெயிண்ட்டின் ஆயுளைக் குறைக்கும்.

எதையும் வாங்குவதற்கு முன்

நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை மூன்று வகையாகப் பிரித்துள்ளது: ஒப்புதல் தேவைப்படாதவை, ஒப்புதல் பெற்றே செய்ய வேண்டியவை, அனுமதிக்கப்படாதவை. ஒரு பாகம் இணையத்தில் விற்கப்படுகிறது என்பதோ, ஜொகூர் பாருவில் ஒரு பட்டறை அதைப் பொருத்தித் தரும் என்பதோ, அது எந்த வகையில் சேரும் என்பதைத் தீர்மானிக்காது. முகப்பில் துருத்தி நிற்கும் இரும்புக் கம்பிகள், வாகனத்தின் அகலத்துக்கு வெளியே நீளும் பாகங்கள், கூடுதல் விளக்குகள் ஆகியவற்றை ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் பார்த்து, எழுத்து மூலம் விளக்கம் பெற்ற பிறகே வாங்குங்கள். வாகனத்தின் நிறத்தை மாற்றும் அளவுக்குப் படலமோ பூச்சோ போட்டால் அதையும் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். மூன்று ஆண்டுகளைக் கடந்த கார்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், பத்து ஆண்டுகளைக் கடந்தவை ஆண்டுதோறும் விக்கோம் போன்ற நிலையங்களில் ஆய்வுக்குப் போகின்றன. அங்கே அடிப்பகுதியும் பார்க்கப்படும்.

காப்புறுதி ஒப்பந்தத்தையும் ஒருமுறை முழுமையாக வாசியுங்கள். சிங்கப்பூரின் பெரும்பாலான தனியார் கார்க் காப்புறுதிகள் மேற்கு மலேசியாவையும் உள்ளடக்குகின்றன. அதனால் தோட்டப்பாதையில் நேரும் சேதமும் அதற்குள் வந்துவிடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பொதுச் சாலைக்கு வெளியே ஓட்டுவதை விலக்கும் வரிகள் பல ஒப்பந்தங்களில் உள்ளன. அப்படி ஒரு வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால், இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் ஒவ்வொரு பாதுகாப்பும் உங்கள் சொந்தப் பணத்தைக் காப்பதாகும். தோட்டங்கள் தனியார் நிலம், வனக் காப்பகங்கள் மாநில வனத்துறையின் பொறுப்பில் உள்ளவை. இரண்டுக்கும் அனுமதி பெற்றே நுழைய வேண்டும். அனுமதியோடு போகும்போது எந்தப் பாதை திறந்திருக்கிறது, எந்தப் பாலம் உடைந்திருக்கிறது என்பதும் தெரியவரும். உடைந்த மரப்பாலத்துக்கு முன்னால் நின்று, திரும்ப இடமின்றி இரண்டு கிலோமீட்டர் பின்னோக்கி ஓட்டுவதைவிட உடற்பகுதிக்குக் கேடான செயல் வேறு இல்லை.

முதல் படி: கதவடி விளிம்பும் அடிப்பகுதியும்

கதவுகளுக்குக் கீழே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே ஓடும் விளிம்புதான் வாகனத்தின் உடலில் மிக எளிதாக நசுங்கும், மிகக் கடினமாகச் சரிசெய்யப்படும் பகுதி. கதவை மாற்றலாம், மட்கார்டைக் கழற்றி மாட்டலாம். இந்த விளிம்போ உடலோடு பற்றவைக்கப்பட்டது. அது நசுங்கினால் கதவு மூடும் அளவே மாறிவிடக்கூடும். இதைக் காப்பதற்கான பாகம் ராக் ஸ்லைடர்.

ராக் ஸ்லைடரும் ஏறும் படியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு, அவை எதில் பொருத்தப்பட்டுள்ளன என்பதில்தான் உள்ளது. படி என்பது ஒரு மனிதரின் எடையைத் தாங்கினால் போதும். அதன் தாங்கிகள் பெரும்பாலும் உடலின் மெல்லிய தகட்டிலேயே திருகப்பட்டிருக்கும். அடிமரம் ஒன்றின் மீது வாகனம் இறங்கும்போது அந்தப் படி மேல்நோக்கி மடிந்து, எந்த விளிம்பைக் காக்கும் என்று நம்பினோமோ அதையே குத்தி உள்ளே தள்ளும். ஸ்லைடர், வாகனத்தின் உடலைத் தாங்கும் அடிக்கூடான சேஸிஸ் சட்டத்தில் பொருத்தப்பட வேண்டும்; வாகனத்தின் ஒரு பக்க எடை முழுவதையும் தாங்கும் உறுதி அதற்கு இருக்க வேண்டும். விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: இது எதில் பொருந்துகிறது, இதன் மீது ஜாக்கி வைத்து வாகனத்தைத் தூக்கலாமா. இரண்டாவது கேள்விக்குத் தயக்கமான பதில் வந்தால் அது படி என்று அறிந்துகொள்ளுங்கள். மண்பாதைக்குப் போகுமுன் அத்தகைய படிகளைக் கழற்றிவிடுவதே நல்லது.

சுசுகி ஜிம்னி, டொயோட்டா லேண்ட் குரூசர், ஜீப் ராங்லர் ஆகியவற்றுக்குத் தனிச் சேஸிஸ் சட்டம் உண்டு. ஸ்லைடர் பொருத்த அவை ஏற்றவை. சாதாரண எஸ்யூவி வாகனங்களில் உடலும் சட்டமும் ஒன்றே என்பதால் அந்த அளவுக்கு உறுதியான பிடிமானம் கிடைப்பது அரிது. அத்தகைய வாகனத்தை வைத்திருப்பவர்கள் ஆழமான தடப்பள்ளமும் அடிமரமும் உள்ள பாதைகளைத் தவிர்த்து, தோட்டங்களின் சரளைப் பாதைகளோடு நின்றுகொள்ளலாம். அதில் குறைவு ஏதுமில்லை; அந்தப் பாதைகளிலும் ஆறுகளும் அருவிகளும் வருகின்றன.

அடுத்தது ஸ்கிட் பிளேட் என்னும் அடித்தகடு. எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி, கியர் பெட்டி, பெட்ரோல் தொட்டி ஆகியவற்றை இது காக்கிறது. எஃகிலும் அலுமினியத்திலும் கிடைக்கும். ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள 3 மி.மீ. எஃகுத் தகடு ஏறத்தாழ 23.5 கிலோ எடை கொண்டது. அதே பரப்பில் 5 மி.மீ. அலுமினியத் தகடு 13.5 கிலோதான். எஃகு கல்லின் மீது வழுக்கிச் செல்லும். அலுமினியம் மென்மையானது என்பதால் கல் அதில் பள்ளம் தோண்டிச் சிக்கிக்கொள்ளும். கல்லும் பாறையும் நிறைந்த நாடுகளில் இந்த வேறுபாடு பெரிது. நாம் போகும் பாதைகளில் பெரும்பகுதி மண்ணும் வேரும்தான் என்பதாலும், 1,100 கிலோ அளவுள்ள ஜிம்னி போன்ற சிறு வாகனத்தில் பத்து கிலோ கூடுதல் எடைகூடத் தெரியும் என்பதாலும், நான் அலுமினியத்தையே பரிந்துரைப்பேன். எந்த உலோகமாயினும் தகட்டில் நீர் வடியத் துளைகளும், எண்ணெய் மாற்றுவதற்கான திறப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். துளையில்லாத தகடு சேற்றைத் தேக்கி வைத்து, தான் காக்க வேண்டிய பாகத்தையே ஈரத்தில் ஊற வைக்கும்.

வாகனத்தின் கோணங்களையும், அதாவது அடியோ முனையோ தரையில் தட்டாமல் ஏறவும் கடக்கவும் இறங்கவும் கூடிய சரிவின் அளவுகளையும், இந்தக் கட்டத்தில் தெரிந்துகொள்ளுங்கள். ஜிம்னியின் 2018 வடிவத்துக்கு முன்பக்க ஏறுகோணம் 37 பாகை, நடுவயிற்றின் கோணம் 28 பாகை, பின்பக்க இறங்குகோணம் 49 பாகை, தரையிலிருந்து உயரம் 210 மி.மீ. மூன்று கோணங்களில் மிகச் சிறியது நடுவயிற்றின் கோணம் என்பதைக் கவனியுங்கள். முன்சக்கரம் ஒரு மேட்டை எளிதாகக் கடந்துவிட்டது என்பதற்காக நடுப்பகுதியும் கடந்துவிடும் என்று சொல்ல முடியாது. மேலும், வாகனத்தின் பின்னால் கூடுதலாகப் பொருத்தும் எதுவும், அது இழுவைக் கொக்கியாக இருந்தாலும், இறங்குகோணத்தைக் குறைக்கும்.

இரண்டாம் படி: பெயிண்ட்டின் மேல் ஒரு தோல்

கிளைக் கீறல்களுக்கு எதிராக இன்று கிடைக்கும் சிறந்த காப்பு, பிபிஎஃப் எனப்படும் பாலியூரிதேன் படலம். இதன் தடிமன் பொதுவாக 150 முதல் 200 மைக்ரான், அதாவது வாகனத்தின் பெயிண்ட் முழுவதையும்விடக் கூடுதல். மெல்லிய கோடுகள் வெயிலின் சூட்டிலேயே தணிந்து மறையும் தன்மை நல்ல படலங்களுக்கு உண்டு. முழு வாகனத்துக்கும் ஒட்டுவது பெருஞ்செலவு, அது தேவையுமில்லை. முன் மட்கார்டுகளின் பக்கங்கள், கதவுகளின் முழுப் பரப்பு, பின் மட்கார்டு, கதவுக் கைப்பிடிக் குழிவுகள், பானெட்டின் முன்விளிம்பு ஆகியவற்றுக்கு மட்டும் ஒட்டச் சொல்லுங்கள். காக்கி புக்கிட், ஊபி, சின் மிங் பகுதிகளிலுள்ள கடைகள் நகரக் கார்களுக்கு ஒட்டியே பழக்கப்பட்டவை என்பதால், பானெட்டையும் முன்பம்பரையும்தான் முதலில் பரிந்துரைப்பார்கள். நெடுஞ்சாலைக் கல்லடிக்கு அது சரி. மண்பாதைக்குப் பக்கங்களே முதன்மை என்று நீங்கள் சொல்ல வேண்டும். படலத்தின் ஓரங்கள் கதவு விளிம்பைச் சுற்றி உள்பக்கம் மடிக்கப்பட வேண்டும் என்பதையும் வற்புறுத்துங்கள். வெளியே தெரியும் ஓரத்தில் சேறு புகுந்தால் படலம் உரியத் தொடங்கும்.

செராமிக் பூச்சை இதற்கு மாற்றாக நினைக்க வேண்டாம். அது கழுவுவதை எளிதாக்கும், நீரை உருட்டி வழியவிடும். ஆனால் சில மைக்ரான் தடிமனுள்ள அந்த அடுக்கு பிரம்பு முள்ளைத் தடுக்காது.

பயணத்துக்கு மட்டும் ஒட்டி, திரும்பியதும் எடுத்துவிடும் காந்தத் தகடுகள் குறைந்த செலவில் கிடைப்பதால் பலருக்குப் பிடித்திருக்கின்றன. அவற்றுக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. வாகனத்தின் உடல் இரும்பாக இருக்க வேண்டும்: புதிய லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் உடலும், 300 வரிசை லேண்ட் குரூசரின் கதவுகள், பானெட், கூரை ஆகியவையும் அலுமினியம் என்பதால் அங்கே காந்தம் ஒட்டாது. ஒட்டும் முன் உடலும் தகடும் தூசியின்றிக் கழுவித் துடைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையெனில் இடையில் சிக்கிய மணல் நாள் முழுவதும் உரசி, கிளைகள் செய்யாத கேட்டைச் செய்துவிடும். விரைவுச்சாலையில் அவற்றை மாட்டிக்கொண்டு ஓட்டக் கூடாது. பாதையின் தொடக்கத்தில் ஒட்டி, முடிவில் கழற்றிவிட வேண்டும்.

பிக்கப் வாகனங்களின் சரக்குத் தட்டுக்குப் பூசும் கரடுமுரடான பாலியூரிதேன் பூச்சைச் சிலர் கதவடி விளிம்பிலும் மட்கார்டின் கீழ்ப்பகுதியிலும் பூசிக்கொள்கிறார்கள். உறுதியானது, மலிவானது, பழைய வாகனத்துக்கு மிக ஏற்றது. ஒருமுறை பூசினால் எடுப்பது கடினம் என்பதையும், அடியில் துரு இருக்கும்போது பூசினால் அந்தத் துரு வெளியே தெரியாமல் உள்ளே வளரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சிறு பாகங்கள்

சக்கர வளைவின்மேல் பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால், அதற்கும் பெயிண்ட்டுக்கும் இடையில் புகும் சேறு உப்புத்தாள்போல் தேய்த்து வெற்று உலோகத்தைக் காட்டிவிடும். ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த விரிப்பைக் கழற்றிச் சுத்தம் செய்து, பெயிண்ட்டின் மீது ஒரு துண்டுப் படலம் ஒட்டி மீண்டும் மாட்டுங்கள். முன்பக்க எண் பலகை நீரைக் கடக்கும்போது நீரின் அழுத்தத்தில் பிய்ந்து போவது மிகச் சாதாரணமாக நேர்வது. அது இல்லாமல் சோதனைச்சாவடிக்கு வந்து நிற்பது பெருந்தொல்லை. கூடுதல் திருகுகளால் இறுக்குங்கள், ஆற்றைக் கடந்ததும் இருக்கிறதா என்று பாருங்கள். நீண்ட சேற்றுத் தடுப்பு ரப்பர்கள் பின்னோக்கி ஓட்டும்போது சக்கரத்தின் அடியில் சிக்கி, தாங்கும் தகட்டோடு கிழியும் என்பதால் அவற்றைப் பாதையில் மேலே மடித்துக் கட்டிவையுங்கள். வானொலிக் கம்பியைக் கழற்றிவிடலாம்.

மூன்றாம் படி: ஓட்டும் முறை

மேற்சொன்ன எல்லாவற்றையும் வாங்கிப் பொருத்தியவரைவிட, எதையும் பொருத்தாமல் சரியான தடத்தில் நிதானமாக ஓட்டுபவரின் வாகனம் நல்ல நிலையில் திரும்பும். ஆகவே இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பாதையில் இறங்கும் முன் டயரின் காற்றைக் குறையுங்கள். சாலையில் 32 பிஎஸ்ஐ வைத்து ஓட்டும் டயரை மண்பாதையில் 20, 22 அளவுக்கு இறக்கினால், அது தரையில் கூடுதல் நீளத்துக்குப் படிந்து பற்றிக்கொள்ளும். இதற்கும் உடற்பகுதிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பக்கவாட்டில் வழுக்கி மண்சுவரிலும் மரத்திலும் மோதுவதுதான் இங்கே ஒடுக்குகளின் முதன்மைக் காரணம். பிடிப்புள்ள டயர் அந்த வழுக்கலைக் குறைக்கிறது. காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஒன்றை உடன் வைத்திருந்து, தார்ச்சாலைக்கு ஏறும் முன் பழைய அளவுக்கு நிரப்பிவிடுங்கள்.

கடினமான இடம் எதுவாயினும், இறங்கி நடந்து பாருங்கள். தடப்பள்ளத்தின் ஆழத்தை ஒரு குச்சியால் அளந்து, அதை உங்கள் வாகனத்தின் அடி உயரத்தோடு ஒப்பிடுங்கள். மண் காய்ந்திருந்தால், பள்ளத்தின் இருபுற மேடுகளிலும் சக்கரங்களை வைத்து ஓட்டலாம். மண் ஈரமாக இருக்கும்போது அது பொறியாகிவிடும். ஒரு பக்கம் மட்டும் பள்ளத்தில் வழுக்கி இறங்கி, வாகனம் சாய்ந்து, கதவுகள் மண்சுவரில் ஒட்டிக்கொள்ளும். பள்ளத்தின் ஆழம் வாகனத்தின் அடி உயரத்தைவிடக் குறைவென்றால், ஈர மண்ணில் இரண்டு சக்கர வரிசைகளையும் பள்ளத்திலேயே இறக்கி, நேராக, மெதுவாகப் போவதே பாதுகாப்பு. ஆழம் கூடுதலென்றால் திரும்பிவிட வேண்டும். மழைக்குப் பின் காத்திருக்க மனமிருப்பவர்களுக்குச் செம்மண் ஓரிரு மணி நேர வெயிலில் மேற்பரப்பு இறுகி வழிவிடுவதும் உண்டு. நவம்பர் முதல் வீசும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்த வெயிலை எதிர்பார்க்க முடியாது. தீபாவளி நீண்ட விடுமுறையில் முதல் பயணத்தைத் திட்டமிடும் குடும்பங்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

வெளியே நின்று வழிகாட்ட ஒருவர் வேண்டும். ஒருவர் மட்டுமே வேண்டும். மூன்று பேர் மூன்று பக்கமிருந்து கூவினால் ஓட்டுபவர் கடைசியாகக் கேட்ட குரலுக்கேற்ப வளைப்பார். கையசைவுகளின் பொருளைப் புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: இடம், வலம், மெதுவாக முன்னே, மூடிய கை என்றால் அந்தக் கணமே நில். வழிகாட்டுபவர் ஓட்டுபவரின் கண்ணில் படும் இடத்தில் நிற்க வேண்டும். வாகனத்துக்கும் மரத்துக்கும் இடையிலோ, சரிவில் வாகனத்துக்குக் கீழேயோ ஒருபோதும் நிற்கக் கூடாது. ஒரு கதவின் ஒடுக்கைத் தவிர்ப்பதற்காக மனிதரின் காலைப் பணயம் வைக்க முடியாது.

மரங்களுக்கிடையே திரும்பும்போது, பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வருவதில்லை, அதற்கு உட்புறமாக வருகின்றன என்பதை நினைவில் வையுங்கள். முன்பக்கம் மரத்தைத் தாண்டிவிட்டது என்று ஸ்டியரிங்கை வளைத்தால், கதவடி விளிம்பும் பின் மட்கார்டும் அதே மரத்தில் போய் உராயும். மரம் உங்கள் தோளுக்கு நேராக வரும் வரை நேரே சென்று, அதன் பிறகே வளைக்கத் தொடங்குங்கள். பின்னோக்கி ஓட்டும்போது இது தலைகீழாகும்: வாகனத்தின் மூக்கு வெளிப்புறமாக வீசும்.

வாகனத்தின் பக்கம் ஏற்கெனவே மரத்திலோ மண்சுவரிலோ ஒட்டிக்கொண்டுவிட்டால், செய்யக் கூடாதது ஒன்று உண்டு: ஆக்சிலரேட்டரை மிதித்து முன்னே இழுத்துக்கொண்டு போவது. ஒரு கையளவு ஒடுக்கு, கதவிலிருந்து பின்விளக்கு வரை நீளும் கிழிசலாக மாறுவது அந்தச் சில விநாடிகளில்தான். நிறுத்துங்கள். பழைய ரப்பர் மிதியடி அல்லது தடித்த கம்பளத் துண்டு ஒன்றை உடன் வைத்திருந்து, மரத்துக்கும் தகட்டுக்கும் இடையில் செருகுங்கள். பிறகு எதிர்ப்பக்க மரத்தில் பட்டை கட்டி, விஞ்ச் என்னும் கயிறு சுற்றி இழுக்கும் கருவியாலோ மற்றொரு வாகனத்தாலோ பக்கவாட்டில் இழுத்து விலக்கிய பின்பே நகர்த்துங்கள். சாய்ந்து நிற்கும் வாகனத்தின் கீழ்ப்பக்கக் கதவைத் திறக்கும்போது கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். அது தன் எடையால் விரிந்து அடிமரத்தில் மோதும்.

சேற்றிலிருந்து இழுத்து மீட்கும்போதும் உடற்பகுதி பெருஞ்சேதத்துக்கு உள்ளாகிறது. கயிற்றை பம்பரிலோ, போக்குவரத்துக்காகக் கப்பலில் கட்டும் மெல்லிய வளையத்திலோ மாட்டினால், பம்பர் தனியே வந்துவிடும். டிரெய்லரை மாட்டும் உருண்டையான இழுவைப் பந்தில் மாட்டுவது அதைவிடக் கொடியது: அது உடைந்தால் இரும்புக் குண்டாகப் பறந்து உயிரையே பறிக்கும். சேஸிஸ் சட்டத்தில் பொருத்தப்பட்ட, எடை குறிக்கப்பட்ட இழுவைக் கொக்கிகளை மட்டுமே பயன்படுத்துங்கள். கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் இரும்பு வளையமான ஷாக்கிளுக்குப் பதிலாகக் கயிற்றால் ஆன மென்ஷாக்கிளைப் பயன்படுத்தினால் பெயிண்ட்டும் தப்பும், எடை குறைவு என்பதால் ஆபத்தும் குறையும். இயன்றவரை நேர்கோட்டில் இழுக்க வேண்டும். கோணத்தில் இழுக்கும்போது கயிறு மட்கார்டையும் விளக்கையும் அறுக்கும்.

முன்னால் போகும் வாகனத்தோடு இடைவெளி விடுங்கள். அது வளைத்துக்கொண்டு போகும் கிளை விடுபட்டுத் திரும்பி அடிப்பது உங்கள் கண்ணாடியில்தான். நெருக்கமான இடங்களில் பக்கக் கண்ணாடிகளை மடித்துவிடுங்கள், சன்னல்களை மூடிவிடுங்கள். கையால் ஒதுக்கக்கூடிய கிளையை இறங்கி ஒதுக்குங்கள். பிரம்பென்றால் கனத்த கையுறை இல்லாமல் தொட வேண்டாம். பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டும் உரிமை நமக்கு இல்லை.

நான்காம் படி: எல்லைக்கு முன் கழுவுதல்

பாதை முடிந்ததும் உலர்ந்த துணியால் உடலைத் துடைப்பது எல்லோருக்கும் தோன்றும் செயல். செய்யாதீர்கள். செம்மண்ணில் நுண்ணிய மணல் கலந்திருக்கிறது. துடைக்கும் ஒவ்வொரு வீச்சும் கிளியர் கோட்டில் வட்டக் கோடுகளை வரையும். முதலில் நீரால் ஊற வைத்து, சேறு தானாக இளகி வழியவிட வேண்டும்.

எல்லையைக் கடக்கும் முன், ஜொகூரிலேயே உயரழுத்த நீர்க்குழாயுள்ள கார் கழுவும் கடையில் இதை முடித்துவிடுங்கள். வீவக கார் நிறுத்துமிடத்தில் செம்மண்ணைக் கழுவினால் வடிகால் அடைபடும், அண்டைவீட்டாருக்கும் இடையூறு. கடைக்காரர் நுரை போட்டு மேற்பகுதியைப் பளபளக்க வைப்பதில்தான் ஆர்வம் காட்டுவார். அடிப்பகுதிக்கு மட்டும் தனியாக நேரம் கேட்டுப் பணம் கொடுங்கள். சக்கர வளைவுகளின் உள்மேற்பகுதி, சேஸிஸ் சட்டத்தின் துளைகள், ஸ்கிட் பிளேட்டின் மேல்பக்கம், பம்பரின் பின்புறம் ஆகிய இடங்களிலிருந்து தெளிந்த நீர் வழியும் வரை நீரைச் செலுத்த வேண்டும். ரேடியேட்டரின் மெல்லிய இதழ்கள் வளைந்துவிடும் என்பதால் அங்கே அழுத்தத்தைக் குறைத்தும், படலத்தின் ஓரங்களுக்கும் கதவு ரப்பர்களுக்கும் ஒரு முழம் தள்ளியும் குழாயைப் பிடியுங்கள்.

கதவுகளின் அடிவிளிம்பிலும் கதவடி விளிம்பின் அடியிலும் நீர் வடியச் சிறு துளைகள் உள்ளன. சேறு இவற்றை அடைத்துவிட்டால் மழைநீர் உள்ளேயே தேங்கி, தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயிண்ட் கொப்பளிப்பது தெரியும்போது தகடு பெரும்பாலும் அரிக்கப்பட்டிருக்கும். ஒரு பிளாஸ்டிக் கட்டுப்பட்டையின் நுனியால் ஒவ்வொரு துளையையும் குத்தித் திறப்பதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. வாகனத்தின் ஆயுளைக் காப்பதில் இதற்கு இணையான வேறொரு வேலையை நான் அறியேன்.

ஐந்தாம் படி: கீறல்களைப் பார்த்துச் சரிசெய்தல்

வாகனம் உலர்ந்த பின், பகல் வெளிச்சத்தில் பக்கவாட்டாகப் பாருங்கள். கீறலின் மீது நீரைத் தடவினால் அது மறைந்துபோகிறது, நகம் அதில் தட்டவில்லை என்றால், அது கிளியர் கோட்டுக்குள் இருக்கிறது. அவசரமில்லை, ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக பாலிஷ் செய்துகொள்ளலாம். நகம் தட்டி, வெள்ளை அல்லது சாம்பல் நிற அடிப்பூச்சு தெரிந்தால் சில நாள்களுக்குள் மூட வேண்டும். பளிச்சென்று உலோகமே தெரிந்தால் அன்றிரவே மூடுங்கள். ஆண்டு முழுவதும் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் நம் ஊரில், வெற்று எஃகு மறுநாளே பழுப்பு நிறம் காட்டத் தொடங்கிவிடும்.

மூடுவதற்கு வாகனத்தின் நிற எண் தேவை. அது பானெட்டின் அடியிலோ கதவுத் தூணிலோ உள்ள தகட்டில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணுக்குரிய சிறு குப்பி ஒன்றையும், அடிப்பூச்சு ஒன்றையும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கீறலை ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, துரு இருந்தால் சுரண்டி நீக்கி, அடிப்பூச்சு, நிறம், கிளியர் என்ற வரிசையில் ஒவ்வொன்றும் உலர்ந்த பின் அடுத்ததை மெல்லிய தூரிகையால் வையுங்கள். அருகில் பார்த்தால் தெரியும். ஆனால் துரு நின்றுவிடும், அதுதான் நோக்கம். பெயிண்ட் உடையாத ஒடுக்குகளை, பெயிண்ட்டைத் தொடாமல் உள்ளிருந்து தள்ளி நிமிர்த்தும் பட்டறைகளிடம் கொடுங்கள்; மறுபூச்சு எதுவும் தொழிற்சாலைப் பூச்சின் உறுதிக்கு எளிதில் ஈடாவதில்லை.

சேஸிஸ் சட்டத்தின் உட்குழிவுகளிலும் கதவடி விளிம்பின் உள்ளேயும் மெழுகு அல்லது லானோலின் கலந்த துருத்தடுப்புத் திரவத்தைத் தெளிக்கச் செய்யுங்கள். நீண்ட குழாய்முனையால் உள்ளே செலுத்தினால்தான் அது மூலைகளுக்குப் போய்ச் சேரும். வெளியே மட்டும் கருப்புத் தார் பூசுவதால் பயனில்லை, அது வெடித்தால் ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கவும் செய்யும். உயரழுத்த நீர் இந்தத் திரவத்தைச் சிறிது சிறிதாகக் கழுவிவிடும் என்பதால், அடிக்கடி மண்பாதைக்குப் போகிறவர்கள் ஆண்டுதோறும், பருவமழை தொடங்குவதற்கு முன்னால், செப்டம்பர் அல்லது அக்டோபரில் அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.